என் தோளுக்கு வராத குருவி

அந்தக் குருவிச் சோடியை வாங்கி வந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டிலும் சேர்ச்சிலும் அயலிலும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

மாவட்டச் செயலகமான கச்சேரியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் அது. அரியாலை வீட்டில் நானும் மனைவியும் மட்டும். ஒரே மகள் கல்யாணம் செய்து கொழும்பில் இருந்தாள். மனைவிக்குப் பொழுது போதாது. மாதர் சங்கம், ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள், சமையல், பூங்கன்று என்று காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை ஓட்டம்தான். நான்தான் யாருக்கும் தேவைப்படவில்லை. விறாந்தைக் கதிரையில் இருந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. எங்கோ ஒரு நாட்டில், என் வயது மதிக்கத்தக்க ஒருவர் தோட்டத்தில் தண்ணீர் விடுகிறார். அவர் தோளில் ஒரு கொக்கட்டீல் குருவி. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, தலையில் கொண்டை. அவர் எங்கு திரும்பினாலும் அதுவும் கூடவே திரும்புகிறது. அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேனோ தெரியாது.

வல்வெட்டித்துறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற ஒருவர் வீட்டுக்குப் பின்னால் பெரிய கம்பிக்கூடு அடித்துக் கொக்கட்டீல் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் போனேன். இறகு முளைத்து முடிந்த இரண்டு குஞ்சுகளைப் பிடித்துத் தந்தார்.

“அண்ணை, குஞ்சிலை கொண்டுபோனால் ஆர் கூடப் பாக்கினமோ அவையோடைதான் ஒட்டும்” என்றார்.

அந்தச் சொல்லை நம்பித்தான் நான் எல்லாம் செய்தேன். காலையில் தண்ணீர் மாற்றுவது நான். தின்ற விதைகளின் கோதை ஊதித் தள்ளித் தினையும் சூரியகாந்தி விதையும் போடுவது நான். முருங்கை இலை ஆய்வது, கூட்டுத் தட்டைக் கழுவுவது, கொத்துவதற்கென்று கடற்கரையில் தேடிப் பொறுக்கிய கணவாய் ஓட்டைக் கம்பியில் கட்டுவது எல்லாம் நான். மனைவி முதல் மாதம் முழுக்க முறைப்பாடுதான்.

“உந்தக் கோதெல்லாம் விறாந்தை முழுக்கப் பறக்குது. ஆர் கூட்டிறது?”

கூட்டியதும் நான்தான்.

இரண்டில் ஒன்று ஆண், மற்றது பெண் என்று பிறகுதான் தெரிந்தது. பெண் எங்கள் யாரையும் கிட்ட விடாது. கையை நீட்டினால் சீறும். ஆண் அப்படியில்லை, பழகுகிற சாதி. ஒருநாள் முற்பகல் மனைவி விறாந்தையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவும்போது சேர்ச்சுப் பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடுவது அவள் வழக்கம். நான் கூட்டைத் திறந்து விரலை நீட்டினேன். ஆண் குருவி வாசலில் நின்று யோசித்தது. பிறகு என் விரலைக் கடந்து, காதோரம் காற்றடிக்கப் பறந்து, நேரே அவள் தோளில் போய் இறங்கியது.

“ஐயோ, இதைப் பிடியுங்கோ!” என்று கத்தினாள்.

நான் போவதற்குள் அது அவள் கொண்டைக்குக் கீழே தலையை நுழைத்துவிட்டது. கத்தல் நின்றது. திருவலையை விட்டு எழும்பாமல், கழுத்தை அசைக்காமல், அவள் சிரிக்கத் தொடங்கினாள். அன்றைக்கு மதியச் சாப்பாடு பிந்தியது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தக் குருவி அவளுடையது. தண்ணீரும் தினையும் முருங்கை இலையும் என் கையால்தான். ஆனால் கூடு திறந்தால் அவள் தோள். அவள் குசினிக்குள் போனால் வாசலில் நின்று விசிலடிக்கும். குளிக்கப் போனால் கதவடியில் நிற்கும். அவளுக்குப் பக்கத்தில் நான் போய் இருந்தால் கொண்டையைச் சரித்துக்கொண்டு வந்து என் காதைக் கடிக்கும். ஒரு தடவை இரத்தமே வந்தது. “ராசாவுக்குப் பொறாமை” என்று சொல்லிச் சிரித்தாள். ராசா என்பது அவள் அதைக் கூப்பிட்ட செல்லம். “வாங்கோ என்ரை ராசா, சாப்பிட்டியளே என்ரை ராசா.” கல்யாணம் முடித்து முப்பத்திநாலு வருடத்தில் என்னை அவள் ஒருநாளும் ராசா என்று கூப்பிட்டதில்லை. இதை ஒருநாள் பகிடிபோலக் கேட்டும் பார்த்தேன்.

“உங்களுக்கென்ன விசரே?” என்றாள்.

பகிடிபோலத்தான் கேட்டேன், ஆனால் அது பகிடி இல்லை. அந்தக் காலத்தில் நான் செய்த சில வேலைகளை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் வீட்டில் இல்லாத ஒரு பின்னேரம், அவளுடைய துவாயை என் தோளில் போட்டுக்கொண்டு கூட்டடியில் நின்றேன், மணத்துக்காவது வருமா என்று. படலையைத் திறந்துகொண்டு வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். துவாயை வாங்கிக் கொடியில் போட்டாள். இன்னொரு முறை ஒரு மாதத்துக்கு மேலாக நாள் தவறாமல் ஒரு சின்ன மெட்டை அதற்கு விசிலடித்துப் பழக்கினேன். அது முதுகைக் காட்டிக்கொண்டு இறகு கோதியது. அவள் பழக்காமலே, தேங்காய் திருவும்போது பாடுகிற பாட்டின் முதலடியை அதுவாகப் பிடித்துக்கொண்டது. போதகர் வீட்டுக்கு வந்த அன்று அவர் முன்னால் அதை விசிலடித்துக் காட்டியது. அடுத்த ஞாயிறு சேர்ச் வாசலில் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று, “உங்கடை குருவி பாட்டுப் படிக்குதாம்?” என்று கேட்டார்கள். உங்கடை குருவி. நான் செருப்பைத் தேடுகிற சாட்டில் அப்பால் போனேன்.

மகளுக்கு இரண்டாவது பிள்ளை கிடைக்கிற நேரம் வந்தது. மனைவி ஒரு மாதம் கொழும்பில் நிற்பதாகப் பேச்சு. புறப்படுகிற காலை கூட்டடியில் நின்று அதோடு கனநேரம் கதைத்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “போட்டு வாறன். ராசாவை வடிவாப் பாருங்கோ” என்றாள். ஸ்டேசனில் அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பி வரும்போது என் மனதில் ஒரு சந்தோசம் இருந்தது. ஒரு மாதம். இனி என்னை விட்டால் அதற்கு ஆர்?

முதல் நான்கு நாளும் அது அவளைக் கூப்பிட்டது. படலைச் சத்தம் கேட்டால் கொண்டையை நிமிர்த்தி விசில். மோட்டார் சைக்கிள் றோட்டால் போனால் விசில். பின்னேரம் அவள் வீடியோ கோல் எடுப்பாள். அவள் போன அன்றே பிறந்த பிள்ளையைக் காட்டுவாள், என்னிடம் சாப்பாடு கேட்பாள், அதன் பிறகு, “ராசாவிட்டைக் குடுங்கோ” என்பாள். நான் போனைக் கூட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் குரல் கேட்டதும் அது தடியில் அங்குமிங்கும் ஓடும், போனின் கண்ணாடியைக் கொத்தும். என்னோடு இரண்டு நிமிடம், அதோடு பதினைந்து நிமிடம். கை உளையும். இறக்கினால், “வடிவாப் பிடியுங்கோவன், முகம் தெரியேல்லை” என்பாள்.

ஐந்தாம் நாள் அது சத்தம் போடவில்லை. கீழ்த் தடியில் இறகை உப்பவைத்துக்கொண்டு இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. தினை போட்டபடி கிடந்தது. நான் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வந்தது கோபம். அவளைத் தேடுகிறது என்று நினைத்தேன். இரண்டு வருடம் சாப்பாடு போட்டவன் முன்னால் நிற்கிறேன், அது அவளைத் தேடிப் பட்டினி கிடக்கிறது. “தேடு, வடிவாத் தேடு” என்று வாய்விட்டுச் சொன்னேன். தண்ணீரை மாற்றிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். அன்று பின்னேரம் அவள் குரலுக்கு அது கண்ணைத் திறந்து பார்த்தது, ஓடவில்லை. “ராசா என்ன சோந்துபோய் இருக்கிறார்?” என்று கேட்டாள். “உம்மைத் தேடுது” என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. முகத்தில் தெரிந்தது. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

ஆறாம் நாளும் அப்படியே விட்டேன்.

ஏழாம் நாள் காலை அது கூட்டுத் தட்டில் இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. கையை உள்ளே விட்டேன். கடிக்கவில்லை. தூக்கியபோது பாரமே இல்லை. நெஞ்செலும்பு கத்தி விளிம்புபோல விரலில் பட்டது. அப்போதுதான் விளங்கியது. அது யாரையும் தேடவில்லை. அதற்கு வருத்தம், உடம்புக்குச் சுகமில்லை.

ஒரு மட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, துவாயை விரித்து, அதை உள்ளே வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். எனக்கு முன்னால் ஒரு கிடாய் ஆடும் இரண்டு நாயும். டொக்டர் இளம் பெண். பெட்டியைத் திறந்ததும் முகம் மாறியது.

“ஐயா, நான் கூடப் பாக்கிறது ஆடு மாடுதான். உண்மையைச் சொல்லவேணும். ஆனால் பாப்பம்” என்றார். தராசில் நிறுத்தார். குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். “சுவாசப்பையிலை கிருமி பிடிச்சிருக்குப் போலை. எத்தினை நாளா இப்பிடி?”

“நேற்றையிலை இருந்து.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “குருவியள் வருத்தத்தை மறைக்குமையா. உங்களிலை பிழையில்லை. வெளியிலை தெரியேக்கை பிந்திப் போயிருக்கும்” என்றார். எனக்கு ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொட்டு மருந்து தந்தார். சூடாக வைத்திருக்கச் சொன்னார். ஊசியில்லாத சிறிஞ்சால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கரைத்த மா பருக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து அறைக்குள் பெட்டியை வைத்து மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். வெளியே கூட்டில் பெண் குருவி அதைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. மத்தியானம் மருந்தைப் பருக்கித் துவாயோடு மடியில் வைத்திருந்தேன். அது துவாயை விட்டு வெளியே வந்தது. சேட்டு மடிப்பை அலகால் பிடித்துப் பிடித்து மெதுவாக ஏறியது. நெஞ்சைக் கடந்து, என் நாடிக்குக் கீழே கழுத்துக் குழியில் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

நான் அசையவில்லை. இடுப்பு நாரி விறைத்தது, கால் மரத்தது, வெளியே யாரோ படலையில் தட்டிவிட்டுப் போனார்கள். அந்தச் சின்ன மூச்சு கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் என்னிடம் வந்துவிட்டது. ஒரு குருவி சாகக்கிடக்கிற நேரத்தில் நான் சந்தோசமாக இருந்தேன். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

அன்று பின்னேரம் போன் அடித்தது. அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்துதான் எடுத்தேன்.

“ராசா எங்கை?”

“நித்திரையாப் போட்டுது.”

“இந்த நேரத்திலையோ?”

“இஞ்சை மழைக்குணம். வெள்ளெனவே இருட்டிப் போச்சு. கூட்டை மூடிப்போட்டன்.”

நம்பினாள். பச்சைப் பிள்ளையோடு நிற்கிறவளைக் கலக்கப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் சொன்னால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் படலைக்குள் கால் வைத்ததும் அது என் கழுத்தை விட்டுப் போய்விடும். நான் மறுபடியும் தண்ணீர் மாற்றுகிறவன்.

இப்படி நான்கு நாள். மறுநாள், “கூடு கழுவிறன், பிறகு காட்டிறன்” என்றேன். அதற்கடுத்த நாள், போனில் சார்ஜ் இல்லை என்றேன். பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். மருந்து, மா, சூடு, பிறகு என் கழுத்து. மூன்றாம் நாள் கொஞ்சம் தேறினதுபோல இருந்தது. என் உள்ளங்கையில் இருந்து நாலைந்து தினை பொறுக்கியது. பிறகு அவள் பாட்டின் முதலடியில் பாதியை விசிலடித்துவிட்டு மூச்சு முட்டி நிறுத்தியது. அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. என் மடியில் இருந்துகொண்டு அவளுடைய பாட்டு.

நான்காம் நாள் பின்னேரம் இரண்டு மணியளவில் என் நெஞ்சில் கிடந்தபடியே செட்டை இரண்டையும் ஒருமுறை விரித்தது. பறக்கப்போகிறது என்று நினைத்துக் கையைக் குவித்தேன். செட்டை மடங்கவில்லை. போய்விட்டது.

நான்கு மணிக்கு நானாக அவளுக்குப் போன் எடுத்தேன்.

“ராசா போட்டுது” என்றேன். அந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல்தரம்.

“எங்கை போட்டுது? பறந்திட்டுதே?”

“இல்லை. செத்துப்போச்சு.”

அந்தப் பக்கம் குழந்தை அழத் தொடங்கியது. “என்ன நடந்தது? சோந்துதானே இருந்தது?”

“நாலு நாளா வருத்தம். டொக்டரிட்டைக் கொண்டுபோனனான்.”

“நாலு நாளும் நித்திரை, கூடு கழுவிறன், சார்ஜ் இல்லை எண்டனீங்கள்” என்றாள். போன் நின்றது.

கொல்லையில் தேசிமரத்தடியில் குழி தோண்டி அதைத் தாட்டேன். மகளின் மாமியார் உதவிக்கு வந்துவிட்டதால் மனைவி மூன்றாம் நாளே வந்து இறங்கினாள். உடுப்புப் பையை வைக்கவில்லை. “எங்கை?” என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். கைப்பையைத் தோளில் மாட்டியபடி அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அதன் பிறகு நான்கைந்து நாள் சோறு போடவும் தேத்தண்ணி வைக்கவும் மட்டும் வாய் திறந்தாள். வீட்டில் சத்தம் என்றால் அது பெண் குருவியின் கத்தல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சேலை மாற்றாமல் விறாந்தையில் இருந்தாள். நான் எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

“சொல்லியிருந்தால் நீர் வந்திருப்பீர்” என்றேன்.

“ஓம், வந்திருப்பன்.”

“அதுதான் சொல்லேல்லை.”

அவள் நிமிர்ந்தாள். நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். வீடியோவில் பார்த்த மனிதர், என் விரலைக் கடந்து அது பறந்த நாள், துவாய், சேர்ச் வாசல். அது அவளைத் தேடுகிறது என்று நினைத்து எரிச்சலில் இரண்டு நாள் விட்டதை. டொக்டரிடம் நேற்றிலிருந்து என்று பொய் சொன்னதை. கடைசியாக, அது என்னிடம் ஏறிப் படுத்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை.

“ஒரு குருவியிலையே உங்களுக்கு எரிச்சல்?”

“குருவியிலை இல்லை. உம்மிலை.”

சேலைத் தலைப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு கேட்டாள். “நாலு நாளும் உங்கடை நெஞ்சிலைதான் கிடந்ததே?”

“ஓம்.”

“தலையை எங்கை வைச்சுக்கொண்டு?”

நாடிக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தையே பார்த்தாள்.

“என்னட்டை ஒருநாளும் அப்பிடிப் படுக்கேல்லை” என்றாள். “ஏறும், கோதும், ஓடித் திரியும். நித்திரை கொண்டதில்லை.”

அவள் முகத்தில் அப்போது வந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் நான் கண்ணாடியில் பார்த்த முகம்தான் அது. அவளுக்காக எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அதற்குள்ளே துளி பெருமையும் இருந்தது. மனிதன் திருந்துகிற வேகம் அவ்வளவுதான் போலும்.

எழும்பிப் போகும்போது நின்று சொன்னாள். “நீங்கள் எனக்கு ஒளிச்ச அந்த நாலு நாளையும் விடுங்கோ. அது என்னைப் பாத்துக்கொண்டு செத்தாலென்ன, உங்களைப் பாத்துக்கொண்டு செத்தாலென்ன. அதுக்கு முதல் ரெண்டு நாள் சும்மா விட்டியளே. அதை நான் மறக்கமாட்டன்.”

நான் கதிரையைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தேன்.

அதன் பிறகு அவள் கதைக்கத் தொடங்கினாள். ஆனால் கதை முழுக்க அந்த நான்கு நாள்தான். மா குடித்ததா, எத்தனை தரம், கண்ணைத் திறந்து பார்த்ததா, விசிலடித்தது பகலிலா பின்னேரமா. கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவள் திடீரென்று கேட்பாள். நான் சொல்வேன். சில நேரம், “நீங்கள் கூட்டிச் சொல்லிறியள்” என்று கோபிப்பாள்.

பெண் குருவியின் கத்தல் நிற்கவில்லை. தனியே இருந்தால் அதுவும் சோர்ந்துவிடும் என்று டொக்டர் சொன்னதால் இருவரும் அதைக் கூட்டோடு கட்டிக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் போனோம். எஞ்சின் திருத்துகிறவர் அதை வாங்கித் தன் பெரிய கூட்டுக்குள் விட்டார். இருபது முப்பது குருவிகளுக்கு நடுவே போய் ஒரு தடியில் இருந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்கு எங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஒரு குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, “சும்மா கொண்டுபோங்கோ அக்கா” என்று மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கி ஒரு விரலால் அதன் தலையைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தம்பி, இது ஆரோடை ஒட்டும் எண்டு முன்னமே சொல்லேலுமே?”

அவர் சிரித்தார். “அது அதின்ரை விருப்பம் அக்கா.”

“அப்ப இஞ்சையே இருக்கட்டும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் வெறுங்கூட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அவர் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். எங்கள் பெண் குருவி ஒரு பெட்டி வாசலில் நிற்கிறது, பக்கத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு ஆண். உள்ளே நான்கு குஞ்சு. எனக்கு மனம் லேசானது. ஓடிப்போய் மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். போனைத் தள்ளிவிட்டாள்.

“எவ்வளவு கெதியா மறந்திட்டாள் பாருங்கோ. உந்த வெள்ளையனிலை என்னத்தைக் கண்டவளாம்?”

“குருவிதானே” என்றேன்.

“ராசாவிலை இருந்த வடிவு உவனுக்கு வருமே?”

இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தவள் பக்கத்தில் இருந்துகொண்டு, “அந்தக் குஞ்சுகளை ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்” என்றாள். காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு குஞ்சாகப் பார்த்தாள்.